பொங்கல் விடுமுறைக்கு 20 பேர் கூடும் வீட்டில் செலவில்லாமல் பொழுதைக் கழிப்பது எப்படி?

கேள்வி: பொங்கலுக்கு நான்கு நாள் விடுமுறை. சின்னக் குழந்தைகள் முதல் தாத்தா, பாட்டி வரை 20 பேருக்கு மேல் சொந்த ஊரில் கூடுகிறோம். கையைக் கடிக்காத செலவில் எல்லோருக்கும் பொழுது போக என்ன செய்யலாம்?

பதில்:

எங்கள் வீடு அம்பாசமுத்திரம் பக்கம். பொங்கலுக்கு 22 பேர் கூடுவோம். ஆச்சிக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது, கடைசிப் பொடிக்கு மூன்று. ஒவ்வொரு வருடமும் இதே கேள்வி எங்கள் வீட்டிலும் வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களுக்குச் சரிப்பட்டு வராததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறேழு வருடங்களுக்கு முன்னால் எல்லோரும் வேன் பிடித்து ஒரு தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போனோம். டிக்கெட், வேன் வாடகை, உள்ளே வாங்கிய சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே நாளில் 25,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. பிள்ளைகள் தண்ணீரில் கிடந்தார்கள், மாமாக்கள் வரிசையில் நின்றார்கள், ஆச்சியும் பெரியம்மாவும் பைகளுக்குக் காவலாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் வரை ஆச்சி யாரிடமும் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார். பணம் போனதைவிட எனக்கு அதுதான் மனதில் தங்கிவிட்டது.

அதற்கப்புறம் நாங்கள் வேடிக்கை பார்க்கிற இடத்தைத் தேடுவதில்லை. மூன்று வயதுக்கும் எண்பது வயதுக்கும் ஒரே காரியத்தில் ஆளுக்கொரு வேலை கிடைக்குமா என்றுதான் பார்க்கிறோம்.

எங்கள் பக்கத்தில் அதற்கென்றே ஒரு வழக்கம் இருக்கிறது, சிறுவீட்டுப் பொங்கல். நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணி உருண்டை பிடித்து, அதில் பூசணிப்பூ செருகி வைப்பார்கள். அந்த உருண்டைகளை வறட்டியாகத் தட்டிக் காயவைத்துச் சேர்த்து வைப்பார்கள். தையில் ஒரு நாள் முற்றத்தில் களிமண்ணால் முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டி வீடு கட்டி, அதற்குள் சின்னப் பானையில் பெண் பிள்ளைகள் பொங்கல் வைப்பார்கள். பிறகு பொங்கலையும் வறட்டிகளையும் இலையில் வைத்து, சூடம் ஏற்றி, ஆற்றில் விட்டுவிட்டு வருவார்கள். எல்லா வீட்டிலும் ஒரே நாளில் செய்வதில்லை. எங்களுக்கு ஆட்கள் ஊரில் இருக்கிற நாள் என்பதால் காணும் பொங்கலன்று வைத்துக்கொள்கிறோம்.

முந்தின நாளே மண் குழைக்கிற வேலை ஆரம்பித்துவிடும். மண் சுமப்பது பையன்கள், சுவர் எழுப்புவது சித்தப்பா, வாசல் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று சொல்வது ஆச்சி, சுண்ணாம்பும் காவியும் அடிப்பது பெண் பிள்ளைகள். குட்டிக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு திண்ணை கட்டுகிற பொறுப்பு. ஒன்றரை நாள் ஒருவர் கையிலும் செல்போனைப் பார்க்க முடியாது. மண் பானை, சுண்ணாம்பு, வெல்லம் எல்லாமாகச் சேர்த்தாலும் 300 ரூபாயைத் தாண்டாது. உங்கள் ஊரில் இந்த வழக்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முற்றமும் மண்ணும் இருந்தால் போதும், பிள்ளைகள் வீடு கட்டிவிடுவார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செலவைக் குறைக்க வெளிச் சாப்பாட்டை நிறுத்தினால், அந்தச் சுமை அப்படியே அடுப்படியில் நிற்கிறவர்கள் தலையில் ஏறிவிடும். 22 பேருக்கு மூன்று வேளை சமைக்கிற அம்மாவுக்கும் அத்தைக்கும் அது விடுமுறையே இல்லை. பணம் மிச்சமாயிற்று என்று நாம் சொல்லிக்கொள்ளும்போது அவர்கள் இடுப்பு வலியோடு நிற்பார்கள். அதனால் சாப்பாட்டையும் பொழுதுபோக்கோடு சேர்த்தே திட்டமிடுங்கள்.

எங்கள் ஏற்பாடு இப்படி. பொங்கலன்று சிறுகிழங்கு, சேனை, பிடிகிழங்கு, அவரை, வாழைக்காய், பூசணி என்று வகை வகையாகக் கறி வைப்போம். மிஞ்சிய எல்லாக் கறியையும் குழம்பையும் ஒரே சட்டியில் போட்டுச் சுண்ட வைத்தால் மறுநாளைக்குப் பழங்கறி. முந்தின ராத்திரியே தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு, பழங்கறி, சின்ன வெங்காயம். மாட்டுப் பொங்கல் காலையில் யாரும் அடுப்புப் பற்றவைக்க வேண்டாம். எங்கள் பிள்ளைகள் பொங்கலைவிடப் பழங்கறிக்குத்தான் அதிகமாகச் சண்டை போடுகிறார்கள்.

அன்று மதியம் கூட்டாஞ்சோறு. 20 பேருக்கு 2 கிலோ அரிசி, அரை கிலோவுக்குச் சற்று மேலே துவரம் பருப்பு, வீட்டில் கிடக்கிற காய், இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை, அரைத்த தேங்காய், புளிக்கரைசல். எல்லாம் ஒரே பாத்திரம்தான். காய் நறுக்குவது முழுக்க ஆண்கள், கீரை உருவுவது பிள்ளைகள். கல் அடுப்பை முற்றத்தில் கூட்டிவிட்டால் அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து “இப்போ பருப்பைப் போடு, இப்போ கிண்டு” என்று சொன்னால் போதும். தொட்டுக்கொள்ள கல்லிடைக்குறிச்சி அப்பளம்.

சாப்பிட்ட பிறகு வெயில் தாழும் வரை திண்ணையில் தாயம். சாக்பீஸால் கட்டம் போட்டு, ஒரு பக்கம் தேய்த்த நான்கு புளியங்கொட்டையை உருட்டினால் ஆட்டம் தயார். ஆச்சியை ஜெயிக்க இதுவரை யாராலும் முடியவில்லை. பல்லாங்குழி, கிட்டிப்புள் எல்லாம் தானாகவே நடக்கும், அதற்குத் திட்டமே வேண்டாம்.

ஒரு நாளாவது வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குள் உரசல் வரும். நாங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு திருப்புடைமருதூர் போவோம். கடனாநதி தாமிரபரணியில் கலக்கிற இடம் அது. கரையெல்லாம் பெரிய பெரிய மருத மரங்கள், அவற்றில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும். ஊர் மக்கள் விரும்பிக் கேட்டதால் 2005-இல் பறவைகளுக்கான காப்பகமாக அறிவித்தார்கள். மக்கள் பங்கோடு அமைகிற இந்த வகைக் காப்பகங்களில் இந்தியாவிலேயே முதலாவது அதுதான். நாறும்பூநாதர் கோயிலில் லிங்கம் சற்றே சாய்ந்திருக்கும். ஆற்றில் வெள்ளம் போனபோது கருவூர்ச் சித்தர் அக்கரையில் நின்று கூப்பிட்டார், அதைக் கேட்கத்தான் சாமி தலையைச் சாய்த்தார் என்று ஆச்சி ஒவ்வொரு வருடமும் சொல்வார். பிள்ளைகளும் ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

போக்குவரத்துக்கு நகரப் பேருந்துதான். சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எங்கள் 22 பேரில் 13 பேர் பெண்கள் என்பதால் மீதிப் பேருக்கு மட்டும்தான் காசு. திரும்பி வரும் பேருந்தின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பண்டிகைக் கூட்டத்தில் ஒன்றைத் தவறவிட்டால் பிள்ளைகள் வாடிப்போவார்கள்.

ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு தை வருவதால் தண்ணீர் இழுப்பாகவே இருக்கும், அணையிலிருந்து திறந்துவிடுவதும் உண்டு. உள்ளூர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில் மட்டும் இறங்குங்கள். எங்களில் இரண்டு பெரியவர்கள் குளிக்கவே மாட்டார்கள், கரையில் நின்று தலையை எண்ணுவதுதான் அவர்கள் வேலை.

ராத்திரிக்கு மொட்டை மாடி. பொங்கல் சமயத்தில் எட்டு மணி வாக்கில் அண்ணாந்து பார்த்தால் உச்சிக்குப் பக்கத்தில் கார்த்திகைக் கூட்டம். அதிலிருந்து கிழக்காக இறங்கினால் சிவப்பாக ரோகிணி, பிறகு மிருகசீரிடம், அதை அடுத்து இன்னொரு சிவப்பு, திருவாதிரை. ஜாதகத்தில் பெயர் மட்டும் கேட்டுப் பழகிய நட்சத்திரம் வானத்தில் நிஜமாகவே இருக்கிறது என்று தெரிந்ததும் எல்லோரும் அவரவர் நட்சத்திரத்தைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆச்சிக்கு ரோகிணி. கண்புரை ஆபரேஷன் ஆன வருடம் மாடியில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுக்க வைத்துக் காட்டினோம். “இவ்வளவு நாளா இதுக்குக் கீழேதானா படுத்திருந்தேன்” என்றார்.

அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு மேலே கொண்டு போங்கள், நார் உரித்துக்கொண்டே பேசலாம். பனி இறங்கும், சின்னப் பிள்ளைகளுக்குத் தலையில் துணி கட்டி ஒன்பது மணிக்குள் கீழே அனுப்பிவிடுங்கள்.