ஃப்ரிட்ஜில் உறையாத ஆலிவ் எண்ணெய் போலியா?

கேள்வி: எனக்கு 52 வயது. கொலஸ்ட்ரால் கூடியதால் எக்ஸ்ட்ரா விர்ஜின் (ரீஃபைன் செய்யாமல் பிழிந்தெடுத்த, முதல் தர) ஆலிவ் எண்ணெய்க்கு மாறினேன். அசல் என்றால் ஃப்ரிட்ஜில் உறையும் என்றார்கள். என் எண்ணெய் உறையவில்லை, குடித்தால் தொண்டையும் கமறுகிறது. கலப்படமா?

பதில்: உறையாததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆலிவ் ரகத்தைப் பொறுத்துக் கொழுப்பு அமிலங்களின் அளவு மாறும். அதனால் நல்ல எண்ணெய் உறையாமலும் போகலாம், கலப்பட எண்ணெய் உறையவும் செய்யலாம். நிறமும் அப்படித்தான். ருசி பார்க்கும் நிபுணர்கள் நிறம் கண்ணில் படக்கூடாது என்றே நீலக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்க்கிறார்கள்.

நீங்கள் பயந்த அந்தக் கமறல்தான் உண்மையில் நல்ல செய்தி. ஆலிவில் இயற்கையாக உள்ள ஓலியோகாந்தால் என்ற பாலிஃபீனால் (ஒரு வகைத் தாவரச் சத்து) செய்யும் வேலை அது. வீக்கத்தைக் குறைப்பதில் இது இபுப்ரோஃபென் மாத்திரையைப் போல் செயல்படுகிறது என்று 2005இல் கண்டறிந்தார்கள். புதிய எண்ணெயில் பச்சை இலையின் மணம், நாக்கில் லேசான கசப்பு, கடைசியில் இந்தக் காரம் இருக்கும். மென்மையான ரகங்களில் இவை குறைவாக இருக்கலாம். ஆனால் சிக்கு வாடை அடித்தால் அது எக்ஸ்ட்ரா விர்ஜின் இல்லை, லேபிளில் என்ன போட்டிருந்தாலும் சரி. (கமறல் சில நொடிகளில் அடங்கிவிடும். உதடு வீங்கினாலோ அரித்தாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.)

கடையில் முதலில் அறுவடைத் தேதியைத் தேடுங்கள். ஒரு வருடத்துக்குள் இருந்தால் நல்லது. இருண்ட நிற பாட்டில் அல்லது டின் வாங்குங்கள், வெளிச்சம் பட்டால் எண்ணெய் கெடும். ‘ப்யூர்’, ‘லைட்’ என்று இருந்தால் பெரும்பாலும் ரீஃபைன்ட் எண்ணெய். ‘லைட்’டிலும் கலோரி குறையாது, ஒரு மேசைக்கரண்டிக்கு அதே 120தான். ‘போமஸ்’ என்பது பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுப்பது. எக்ஸ்ட்ரா விர்ஜினில் அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஆனால் அதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். அதிக விலை தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. மிகக் குறைந்த விலை என்றால் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், இதை மருந்து மாதிரி தனியாகக் குடிக்க வேண்டாம். வெண்ணெய் போன்ற நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாகச் சமையலில் சேர்த்தால்தான் கெட்ட கொலஸ்ட்ரால் குறையும். கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.