ஸ்பிரிங் மாற்ற மூன்று பேர் போதுமா?

கேள்வி: பிரேக் பிடித்தால் என் பைக்கின் முன்பக்கம் அடிவரை அமுங்குகிறது. ஃபோர்க்குக்குள் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்கள்) போட, கடினமான ஸ்பிரிங் வாங்கிவிட்டேன். நண்பர்கள் இருவரோடு வீட்டிலேயே மாற்றலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் வேலையை நண்பர்களிடம் விடாதீர்கள். ஸ்டாண்டு கொடுத்து, முன்சக்கரம் தரையில் படாதபடி உறுதியாக நிறுத்துங்கள்.

ஃபோர்க்கைக் கழற்றுவதற்கு முன்பே குழாயை மேலே இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, குழாயின் உச்சியில் உள்ள மூடியையும் கொஞ்சம் இளக்கி வையுங்கள். ஃபோர்க்கைக் கழற்றிக் கையில் எடுத்தபின் மூடி லேசில் அசையாது. மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அழுந்திக் கிடக்கிறது. கடைசிப் புரி விடும் நொடியில் தெறிக்கும். ஒருவர் குழாயைப் பிடிக்க, இன்னொருவர் மூடியை அழுத்திக்கொண்டே திருப்பட்டும். யாரும் அதற்கு நேராகக் குனியக் கூடாது.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு ஃபோர்க்குக்குள் இருக்கும் பழைய ஆயிலையே விட்டுவைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கறுத்த ஆயிலை முழுவதும் வடித்து, புதியதை ஊற்றி, குமிழி அடங்கும்வரை ஃபோர்க்கை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். பிறகு ஸ்பிரிங் இல்லாமல், முழுக்க அமுக்கிய நிலையில், குழாயின் மேல் விளிம்பிலிருந்து ஆயில் மட்டத்தை அளங்கள். அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். ஆயில் கூடினால் உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து, பள்ளத்தில் விழும்போது ஃபோர்க் கல்லாக இறுகும். இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும்.

பூட்டியபின் நீங்கள் ஏறி உட்காருங்கள். சாலை வண்டியென்றால், ஃபோர்க் முழுக்க நீண்டிருக்கும் நிலையிலிருந்து முன்பக்கம் 30 முதல் 40 மில்லிமீட்டர் வரை இறங்குவது சரி. டிஸ்க் பிரேக்கின் காலிப்பரை (தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) கழற்றியிருந்தால், கிளம்பும் முன் பிரேக் லீவர் இறுகும்வரை அதைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பாருங்கள்.