கன்று நடுவதற்கு முன் ஒரு கேள்வி – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கடலோர உப்புச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடுகளைப் (மாங்குரோவ்) பற்றி மாணவர்களிடம் விழிப்புணர்வை ஏற்படுத்த, கடலோரச் சேற்றில் ஐந்நூறு கன்றுகளை நடலாம் என்று எங்கள் பள்ளியில் முடிவு செய்திருக்கிறோம். இது சரியான வழிதானா? – ஓர் ஆசிரியை

பதில்: தங்கள் அக்கறை மிகவும் மதிக்கத்தக்கது. ஆயினும், கன்றுகளை வாங்குவதற்கு முன்பு, அந்த இடத்தில் இதுவரை ஏன் காடு உருவாகவில்லை என்று தயவுசெய்து விசாரியுங்கள். சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, நீண்ட பச்சைக் குச்சியைப்போலத் தொங்கி, முற்றியதும் உதிர்ந்து, ஓதத்தோடு, அதாவது நாள்தோறும் ஏறி வடியும் கடல்நீரோடு, மிதந்துபோய்த் தோதான சேற்றில் தானே வேரூன்றிக் கொள்கிறது. அக்கம்பக்கத்தில் தாய்மரங்கள் இருந்தும் ஓரிடம் வெறுமையாகக் கிடக்கிறது என்றால், பெரும்பாலும் அங்கே ஏதோ ஒரு தடை இருக்கிறது. கரையோ சாலையோ ஓதநீரின் வழியை மறித்திருக்கலாம். ஆற்றிலிருந்து வரவேண்டிய நன்னீர் நின்றுபோயிருக்கலாம். அல்லது, நாளில் பெரும்பகுதி நீரில் மூழ்கிக் கிடக்கும் தாழ்வான சேற்றுத்திட்டாக இருக்கலாம். அது பறவைகள் இரை தேடும் இடமே தவிர, மரம் வளரும் இடமன்று. பிலிப்பைன்ஸில் இத்தகைய திட்டுகளில் ஆண்டுக்கணக்கில் நடப்பட்ட கன்றுகளில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை.

பிச்சாவரத்தின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. முற்காலத்தில் அங்கே மரங்களைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டியதால், திறந்துவிடப்பட்ட மண் வெயிலில் காய்ந்து தாழ்ந்து, உள்ளே வந்த ஓதநீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாகி, எதுவும் முளைக்காத அளவுக்கு உப்பேறிப் போனது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீனின் முள்ளெலும்பைப் போன்ற வடிவில் கால்வாய்களை வெட்டி, ஓதநீர் தாராளமாக வந்து வடியுமாறு செய்தார்கள். உப்பு குறைந்த பிறகே அங்கே கன்றுகள் பிழைத்தன. நீரின் வழியைச் சீராக்குவதே முதல் வேலை. நடவு அதற்கு அடுத்ததுதான்.

எனவே, தாங்கள் மாணவர்களை, நன்கு விவரம் தெரிந்த ஒருவரின் துணையுடன், ஓதம் வடிந்திருக்கும் நேரத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு காட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில்களைப்போல் நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களை, மிதித்துவிடாமல் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். காற்றோட்டமில்லாத அந்தச் சேற்றில் மரம் மூச்சு விடுவது அவற்றின் வழியாகத்தான். பிறகு ஓர் இலையைத் தொட்டுப் பார்க்கட்டும். வெயில் நேரத்தில் அதன்மேல் மின்னும் உப்புத் துகள்கள் விரலில் ஒட்டும். மரம் வேண்டாத உப்பை இலையின் வழியே கழிக்கிறது என்பதை அப்படித் தொட்டறிந்த பிள்ளை எளிதில் மறக்காது.

கேள்வி: அலையாத்திக் காடு இருந்தால் சுனாமி வந்தாலும் அச்சமில்லை என்று பிரசாரம் செய்யலாமா?

பதில்: கூடாது. 100 மீட்டர் அகலமுள்ள அலையாத்திக் காடு, காற்றால் எழும் அலைகளின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கக்கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. மரங்களின் அடர்த்தி, வேர்களின் அமைப்பு, நீரின் ஆழம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். 2004 ஆழிப்பேரலையின்போது காடுகளுக்குப் பின்னால் இருந்த சில ஊர்களில் சேதம் குறைந்ததும் உண்மை. ஆனால், எச்சரிக்கை வந்தால் மேட்டு நிலத்துக்குப் போவதற்கு இந்தக் காடு மாற்றாகாது. மிகைப்படுத்தலை நம்பி ஓர் உயிர் போனாலும் அந்தப் பழி காட்டின் மீதுதான் விழும்.

கேள்வி: இதற்கென்று சிறப்பு நாள் உண்டா?

பதில்: உண்டு, ஜூலை 26. யுனெஸ்கோ 2015இல் இதை அறிவித்தது.

கேள்வி: கடலையே பார்க்காத ஊரில் இருக்கும் எங்களுக்கு இதில் என்ன பங்கு?

பதில்: இந்தக் காடுகளுக்குக் கடல்நீர் மட்டும் போதாது, ஆற்று நீரும், அது சுமந்து வரும் வண்டலும் வேண்டும். ஆற்றின் மேற்பகுதியில் நாம் தடுத்துவிடும் நீரும், ஆற்றில் எறியும் பிளாஸ்டிக் பையும் கழிமுகத்தில்தான் கணக்குத் தீர்க்கின்றன. பை போய் மூச்சுவேரைப் போர்த்திக் கொண்டால் மரம் மூச்சுத் திணறும். உலக அளவில் இக்காடுகள் அழிந்ததற்கு இறால் பண்ணைகள் ஒரு முக்கியக் காரணம் என்பதால், உண்ணும் இறால் எங்கே வளர்ந்தது என்று கேட்பதும் ஒரு பங்குதான். உலகின் அலையாத்திச் சூழல்களில் பாதிக்கும் மேற்பட்டவை 2050க்குள் சீர்குலையும் ஆபத்தில் உள்ளதாக இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2024இல் மதிப்பிட்டது. இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். "வெறும் சேறு, கொசு பெருகும் இடம், மண் கொட்டி நிரப்பினால் நல்லது" என்று யாராவது பேசக் கேட்டால், மீனும் நண்டும் இறாலும் குஞ்சுப் பருவத்தில் ஒதுங்கி வளர்வது அந்த வேர்களின் இடுக்கில்தான் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.