பதில்: இடக்கையால் வெட்டினால் காகிதம் மடங்குகிறது

மகள் இடக்கையால் வெட்டும்போது காகிதம் அறுபடாமல் மடங்குகிறது, கோடும் தப்புகிறது என்கிறீர்கள். கோளாறு கத்தரிக்கோலில்தான், அவள் கையில் இல்லை. வழக்கமான கத்தரிக்கோலில் மேல் அலகு வலப்பக்கம் இருக்கும். வலக்கையால் அழுத்தினால் கட்டைவிரல் வெளியே தள்ளும், மற்ற விரல்கள் உள்ளே இழுக்கும், அலகுகள் ஒட்டி உரசும். இடக்கையில் அதே அழுத்தம் அலகுகளை விலக்கிவிடும். மேல் அலகு கோட்டையும் மறைக்கும். திருப்பிப் பிடித்தாலும் இதே கதைதான்.

இடக்கைக் கத்தரிக்கோல் வாங்குங்கள். 'இரு கைக்கும்' என்று விற்பவற்றில் பெரும்பாலும் பிடி மட்டும்தான் மாறியிருக்கும், ஏமாறாதீர்கள். நுனி முன்னே நோக்கப் பிடித்தால் மேல் அலகு இடப்பக்கம் இருக்க வேண்டும். அதுவரை கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் இழுத்தபடி வெட்டச் சொல்லுங்கள். ஓரளவு வெட்டும், ஆனால் சீக்கிரம் கை வலிக்கும். அப்புறம், வலக்கைக்கு மாற்றச் சொல்பவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள்.