கேட் தேர்வில் மதிப்பெண் 44, ஸ்கோர் 490: எதை வைத்து விண்ணப்பிப்பது?

கேள்வி: மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். கேட் தேர்வில் 100-க்கு 44 மதிப்பெண் வந்தது, ஸ்கோர் 490. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் என் அறைத்தோழனுக்கு 40 மதிப்பெண்தான், ஆனால் ஸ்கோர் 515. இது என்ன கணக்கு? எம்.டெக். சேர எதைப் பார்ப்பார்கள்? மறுபடி எழுதலாமா?

பதில்: ஸ்கோரைத்தான் பார்ப்பார்கள். மதிப்பெண் என்பது நீங்கள் எழுதிய வினாத்தாளில் எவ்வளவு எடுத்தீர்கள் என்பது மட்டுமே. சுமார் 30 பாடங்களுக்குத் தனித்தனித் தாள். ஒன்று எளிதாக இருக்கும், இன்னொன்று கடினமாக இருக்கும். அதனால் ஒவ்வொரு தாளிலும் இரண்டு இடங்களில் முளை அடிக்கிறார்கள். தகுதி மதிப்பெண் எதுவோ அதற்கு 350. முதல் 0.1 சதவீதத்தினர் அல்லது முதல் பத்துப் பேர், இதில் எது பெரிய கூட்டமோ, அவர்களின் சராசரிக்கு 900. நடுவில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டுக்கும் இடையே விகிதப்படி ஸ்கோர் கிடைக்கும்.

உங்கள் எண்களுக்குப் பொருந்துகிற மாதிரி உத்தேசமாக ஒரு கணக்குப் போடுவோம். மெக்கானிக்கலில் தகுதி மதிப்பெண் 30, மேல்மட்டச் சராசரி 85 என்று வையுங்கள். இடைவெளி 55. நீங்கள் தகுதிக்கு மேல் 14 எடுத்திருக்கிறீர்கள். 900-க்கும் 350-க்கும் உள்ள வித்தியாசம் 550; அதை 14-ஆல் பெருக்கி 55-ஆல் வகுத்தால் 140. அத்துடன் 350 சேர்த்தால் 490. நண்பரின் தாளில் தகுதி 25, மேல்மட்டம் 75 என்றால் அவர் 15 மதிப்பெண் மேலே, இடைவெளியோ 50. அதே வழியில் 165 வரும், ஸ்கோர் 515. அநியாயம் எதுவும் நடக்கவில்லை. தவிர, நீங்கள் இருவரும் ஒரே இடத்துக்குப் போட்டியிடப் போவதும் அநேகமாக இல்லை. ரேங்க் கூட அந்தந்தத் தாளுக்குள்தான்.

தகுதி மதிப்பெண் எப்படி வருகிறது என்றும் கேட்பீர்கள். அந்தத் தாளை எழுதியவர்களின் சராசரியோடு திட்டவிலக்கத்தை (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) கூட்டுவார்கள். அது 25-க்குக் கீழே போனால் 25. ஓ.பி.சி. பிரிவினருக்கு அதில் 90 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் போதும். ஆனால் 350 என்ற முளை பொதுப்பிரிவின் தகுதி மதிப்பெண்ணில்தான் நிற்கும். அதனால் தகுதி பெற்ற ஒருவரின் ஸ்கோர் 350-க்குக் கீழே இருக்கலாம். அதைப் பார்த்துத் தோற்றுவிட்டோம் என்று நினைத்துவிட வேண்டாம்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. என்ற பொதுக் கவுன்சலிங்; ஐ.ஐ.டி.களில் தனித்தனியாக விண்ணப்பித்து, சீட் கிடைத்தால் அதை கோப் (COAP) என்ற பொது இணையதளத்தில் ஏற்க வேண்டும். போன ஆண்டு எந்தச் சுற்றில், எந்தப் பிரிவுக்கு, எந்த ஸ்கோரில் சேர்க்கை முடிந்தது என்ற பட்டியலைத் தேடி எடுத்து உங்கள் 490-ஐ அதோடு ஒப்பிடுங்கள். யூடியூபில் வரும் ‘சேஃப் ஸ்கோர்’ வீடியோக்களை நான் நம்புவதில்லை. மெக்கானிக்கலிலேயே தெர்மலுக்கு ஒரு கட் ஆஃப், மேனுஃபேக்சரிங்குக்கு வேறொன்று. அண்ணா பல்கலைக்கழக எம்.இ. கவுன்சலிங்கையும் விட்டுவிடாதீர்கள்; அங்கும் கேட் ஸ்கோரை ஏற்கிறார்கள். ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் உள்ள கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தால், கேட் தகுதியை வைத்து மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

மறுபடி எழுதலாமா என்றால், தாராளமாக எழுதலாம். ஸ்கோர் மூன்று ஆண்டு செல்லும் என்பதால் அடுத்த முறை குறைந்தாலும் இந்த 490 கையில் இருக்கும். பொதுத்துறை வேலைதான் குறி என்றால் மட்டும் கதை வேறு. பல நிறுவனங்கள் அந்தந்த ஆண்டு ஸ்கோரையே கேட்கின்றன.

எழுதுவதற்கு முன் பழைய விடைகளை எடுத்து, எங்கே மதிப்பெண் போனது என்று பாருங்கள். பொதுத்திறனுக்கு 15, கணிதத்துக்கு 13, ஆக 28 மதிப்பெண் உங்கள் துறைப் பாடத்துக்கு வெளியே இருக்கிறது. பலர் தெர்மோடைனமிக்ஸிலேயே மூழ்கி இதைக் கோட்டை விடுகிறார்கள். அப்புறம், நெகட்டிவ் மதிப்பெண் ஒற்றை விடைக் கேள்விகளுக்கு மட்டும்தான்: ஒரு மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் இரண்டு பங்கு போகும். எண்ணைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கும், பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கும் அது கிடையாது. அவற்றில் எத்தனையைக் காலியாக விட்டீர்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.