மாயா பஜார் விருந்து: ஆழாக்குக் கணக்கை இன்றைய அடுப்புக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் இருக்கிறோம். அப்பாவின் பிறந்தநாளுக்கு மொட்டைமாடியில் ‘மாயா பஜார்’ படம் போட்டு, அதில் வரும் கல்யாணச் சாப்பாட்டையே 25 பேருக்குப் பரிமாற ஆசை. அம்மா கத்தரித்து வைத்த பழைய பத்திரிகைச் சமையல் பக்கங்கள் கைவசம் உள்ளன. எல்லாம் ஆழாக்கு, பலம் என்று இருக்கிறது. சொஜ்ஜி செய்து பார்த்தோம், கட்டியாகிவிட்டது. சாம்பாருக்குப் பருப்பு வேகவே இல்லை. மீன் இல்லாமல் உறவினர்களுக்கு இறங்காது, சேர்க்கலாமா?

பதில்: 1957-இல் வந்த அந்தப் படத்தில், எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜனாக அமர்ந்து கல்யாண வீட்டுப் பண்டங்களைக் காலி செய்யும் பாட்டிலேயே உங்கள் பட்டியல் இருக்கிறது. பஜ்ஜி, சொஜ்ஜி, புளியோதரை, சாம்பார், பூரி கிழங்கு, லட்டு, சீனிப் புட்டு. எல்லாவற்றையும் செய்யப் போகாதீர்கள். பஜ்ஜியும் பூரியும் பொரித்த கையோடு தின்ன வேண்டியவை. இரண்டையும் வைத்தால் வீட்டில் ஒருவர் படம் முழுக்க வாணலி முன்னால்தான் நிற்பார். பூரியை விட்டுவிடுங்கள். லட்டை இரண்டு நாள் முன்பே பிடித்து மூடி வையுங்கள், அல்லது கடையில் வாங்குங்கள். மிச்சம் ஐந்தில் பஜ்ஜி தவிர மற்றவை நிதானமாகச் செய்யக்கூடியவை.

முதலில் அளவு. ஓர் ஆழாக்கு ஏறக்குறைய 168 மில்லி, உழக்கு 336, படி 1.344 லிட்டர். பலம் சுமார் 35 கிராம், வீசை 1.4 கிலோ, அவுன்ஸ் 28 கிராம், பவுண்டு 454 கிராம். படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியது என்பதால் இந்த எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஒரு செய்முறையில் எல்லாப் பொருளும் ஆழாக்கில் இருந்தால் கவலையே இல்லை, எந்தக் கிண்ணத்தாலும் அளக்கலாம், விகிதம் மாறாது. அரிசி படியில், புளி பலத்தில் என்று கலந்து கொடுத்திருந்தால்தான் தொல்லை. மெட்ரிக் எடைகள் 1958-இல் தொடங்கி 1962-க்குள் கட்டாயமாகின. அதையொட்டிய ஆண்டுகளின் பக்கங்களில் இந்தக் கலப்படம் சகஜம். அப்படிப்பட்ட பக்கத்தை எடுத்தால் முதலில் எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றி எழுதிவிடுங்கள். ஓர் ஆழாக்கு அரிசியோ துவரம்பருப்போ சீனியோ சுமார் 140 கிராம் நிற்கும், ரவை 115, கடலை மாவு 85. மங்கிப்போன அச்சில் அரையும் காலும் ஒன்றுபோலத் தெரியும். சந்தேகமாக இருந்தால் அதே பண்டத்துக்கு இன்னொரு பக்கத்தின் விகிதத்தோடு ஒப்பிடுங்கள்.

உப்பில் தனிக் கவனம் வேண்டும். அந்தப் பக்கங்களில் உப்பு என்றால் கல் உப்பு. அதே கரண்டியால் தூள் உப்பை அள்ளினால் எடை கூடும், கரிக்கும். உப்பை மட்டுமாவது தராசில் வையுங்கள்.

பருப்பு வேகாததற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். நம் கரையோரக் கிணற்று நீரிலும் போர் நீரிலும் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது பருப்பின் செல்சுவரை இறுக்கிவிடும், எத்தனை விசில் விட்டாலும் நடுவில் மாவு கடிக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கேன் தண்ணீர். பருப்பு ஊறுவதும் வேகுவதும் அதில்தான் நடக்க வேண்டும், காய் கழுவ எதுவானாலும் சரி. பழைய பக்கங்கள் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடச் சொல்லும். பருப்பு கரைந்துவிடும், ஆனால் வாசனை கெடும், வேண்டாம். 25 பேருக்கு 625 கிராம் துவரம்பருப்பு போதும், ஒரு மணி நேரம் ஊறட்டும். முழுதாக வெந்த பிறகே புளியும் உப்பும். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் பருப்பு அந்த நிலையிலேயே நின்றுவிடும்.

விருந்தின் உயிர் புளியோதரை. ஒன்றரைக் கிலோ பழைய அரிசி எடுங்கள். நம் மாவட்டத்தில் தைக்குப் பின் வரும் புது அரிசி குழையும், குறைந்தது ஆறு மாதம் கிடந்ததாகக் கேட்டு வாங்குங்கள். ‘எலுமிச்சை அளவு புளி’ என்றால் கொட்டை நீக்கி 25 முதல் 30 கிராம், அது சுமார் 200 கிராம் அரிசிக்கு. இந்தக் கணக்கில் 200 கிராம் புளி சரியாக வரும். புளி பழையதாக, கறுத்ததாக இருக்கட்டும். புதுப் புளியில் நிறமும் வராது, புளிப்பும் கூர்மையாக நிற்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் அரை மணி ஊறவைத்துக் கரையுங்கள்.

கால் லிட்டர் நல்லெண்ணெயில் முதலில் 5 கிராம் கட்டிப் பெருங்காயத்தைப் பொரியவிட்டு எடுத்து நுணுக்குங்கள். தூள் பெருங்காயத்தில் மாவு கலந்திருப்பதால் இரு மடங்கு வேண்டியிருக்கும். அடுத்து கடுகு, கடலைப்பருப்பு 75 கிராம், வேர்க்கடலை 150 கிராம், முழுக் குண்டுமிளகாய் 20 கிராம், கறிவேப்பிலை. புளிக்கரைசல், மஞ்சள் இரண்டு தேக்கரண்டி, கல் உப்பு 45 கிராம் சேர்த்து, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை 35–40 நிமிடம் காய்ச்சுங்கள். இறக்கும்போது மல்லி 30 கிராம், வெந்தயம் 10 கிராம், மிளகாய் 15 கிராம் தனித்தனியாக வறுத்துப் பொடித்ததைப் போடுங்கள். வெந்தயம் சிவந்தால் எடுத்துவிட வேண்டும், கறுத்தால் மொத்தமும் கசக்கும்.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் குண்டுமிளகாய்க்குத் தோல் தடிமன். கடற்காற்றில் அது எளிதாக ஈரம் வாங்கும். அப்படியே வறுத்தால் வெளியே கருகி உள்ளே நமுத்துக் கிடக்கும். ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு, குலுக்கினால் விதை சத்தம் கேட்ட பிறகு வறுங்கள். ‘மிளகாய் 10’ என்று பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் நீள மிளகாய். எண்ணிப் போடாமல் நிறுத்துப் போடுங்கள்.

புளிக்காய்ச்சலை முதல் நாளே செய்துவிடலாம், சொல்லப்போனால் மறுநாள்தான் அது சேர்ந்து வரும். சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டி, நான்கு கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஆறவிடுங்கள். சூடாகக் கிளறினால் பருக்கை உடைந்து பொங்கல் ஆகிவிடும். முக்கால்வாசிக் காய்ச்சலைப் போட்டுக் கலந்து ருசி பார்த்து, பிறகு மிச்சத்தைச் சேர்க்கலாம். பரிமாறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கலந்து மூடி வையுங்கள்.

சொஜ்ஜி கட்டியானதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ரவை வேகும் முன் சீனி சேர்த்திருப்பீர்கள். சீனி தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், அதற்குப்பின் ரவை வேகாது. அல்லது ஆழாக்கில் சொன்ன ரவையை எடையாக எடுத்து, தண்ணீரை மட்டும் ஆழாக்கில் விட்டிருப்பீர்கள். 500 கிராம் ரவையை 250 கிராம் நெய்யில் பாதியை விட்டு மணக்க வறுத்து, தளதளவென்று கொதிக்கும் 1.75 லிட்டர் தண்ணீரில் தூவிக் கிளறுங்கள். தட்டைப் போட்டு மூடி, ஒரு மணியை நசுக்கினால் வெள்ளை தெரியாத வரை வேகட்டும். அதன்பின் சீனி 750 கிராம். பழைய பக்கங்கள் இரட்டைப் பங்கு சீனி சொல்லும், புளியோதரைக்குப் பக்கத்தில் அது திகட்டும். இளகியது மறுபடி திரண்டதும் மீதி நெய்.

பஜ்ஜி மாவுக்கு 500 கிராம் கடலை மாவு, 100 கிராம் அரிசி மாவு, சுமார் 700 மில்லி தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், வாழைக்காய் வில்லையில் தோய்த்தெடுத்தால் மாவு வழிந்தோடாமல் போர்த்தி நிற்க வேண்டும். சோடா அரைச் சிட்டிகைக்கு மேல் போனால் எண்ணெய் குடிக்கும். கடற்கரை ஈரத்தில் பஜ்ஜி பத்து நிமிடத்தில் நமுத்துவிடும். எனவே அதைப் படத்துக்கு முன்னால், ஆட்கள் வர வர, தேநீரோடு கொடுத்து முடித்துவிடுங்கள்.

மீன் பற்றி. அந்தப் பாட்டில் வருவதெல்லாம் சைவம். ஆனாலும் பாம்பன் பக்கம் இருந்துகொண்டு விருந்தாளிகளை ஏங்கவைப்பது எங்களுக்கும் சம்மதமில்லை. குழம்பு வேண்டாம், அதன் புளியும் புளியோதரையின் புளியும் மோதும். வறுவல் மட்டும், தனித் தட்டில், தனி எண்ணெயில். சுத்தம் செய்த சீலா அல்லது விளமீன் இரண்டரைக் கிலோ, ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகள். குண்டுமிளகாய்த் தூள் 50 கிராம், மஞ்சள், உப்பு 30 கிராம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. அரை மணி ஊறினால் போதும், அதிகம் ஊறினால் நீர் விட்டு மசாலா வாணலியில் கழன்றுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது பிறந்தநாள் வந்தால் நாட்டுப்படகு மீனுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், கிடைக்கிற நகரையோ பாறையோ வாங்கிக்கொள்ளலாம்.

படம் ஏறக்குறைய மூன்று மணி நேரம், அந்தப் பாட்டு பிற்பகுதியில்தான் வருகிறது. உங்களிடம் உள்ள பிரதியை ஓட்டிப் பார்த்து நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாடியில் ஏழு மணிக்குப் போட்டால், பாட்டு முடிந்ததும் படத்தை நிறுத்தி ஒன்பது மணியளவில் இலை போடலாம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலமாக இருந்தால் திரைத்துணியைக் கயிற்றில் தொங்கவிடாமல் சுவரோடு நான்கு மூலையும் இழுத்துக் கட்டுங்கள், இலைகளையும் அந்தச் சுவரின் மறைவிலேயே போடுங்கள். சாம்பாரை அதுவரை சிறு தீயில் வைத்திருங்கள்.

சீனிப் புட்டுக்கு 500 கிராம் வறுத்த அரிசி மாவில் உப்புத் தண்ணீர் சுமார் 250 மில்லி தெளித்துப் பிசிறுங்கள். பிடித்தால் நிற்கவும் தொட்டால் உதிரவும் வேண்டும். ஆவியில் வேகவைத்து, ஆறிய பிறகு தேங்காய்த் துருவல் மட்டும் கலந்து வையுங்கள். சீனி 200 கிராமை இலையில் வைக்கும் நேரத்தில் கலந்தால் போதும், முன்பே கலந்தால் நீர்த்துவிடும்.