சித்தப்பா மீது 35 வயதில் வழக்குப் போட முடியுமா?

கேள்வி: எனக்கு 9 வயதிலிருந்து 12 வயது வரை, எங்கள் கூட்டுக் குடும்பத்திலேயே இருந்த சித்தப்பா என்னிடம் பாலியல் அத்துமீறல் செய்தார். இப்போது எனக்கு 35. இரண்டு வருடமாக மனநல சிகிச்சை எடுக்கிறேன். அவர் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்பதில்லை. சிகிச்சைச் செலவைத் தர வேண்டும், என் வீட்டுப் பக்கம் வரக்கூடாது. காலம் கடந்துவிட்டதா?

பதில்: கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நஷ்டஈடு கேட்டு வழக்கமான சிவில் வழக்குப் போடும் காலம் முடிந்துவிட்டது. 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, மைனராக இருந்தபோது நடந்ததற்கு 18 வயது நிறைந்தபின் மூன்று வருடம்தான் அவகாசம். 21 வயதோடு சரி. தாமதத்தை மன்னிக்கும் 5ஆம் பிரிவு அப்பீலுக்கும் மனுவுக்கும்தான், புது வழக்குக்கு உதவாது. 21 வயதில் எத்தனை பெண்களால் இதை வாய்விட்டுச் சொல்ல முடியும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் ‘கூட்டுக் குடும்பம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்களுக்குக் கைகொடுக்கும். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் என்றாலே கணவன், மாமியார்தான் ஞாபகம் வருகிறது, வக்கீல்கள் பலருக்கும்கூட. ரத்த உறவினரோடு எப்போதாவது ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தாலே அது பொருந்தும். பாலியல் கொடுமையும் அதில் அடக்கம்.

இத்தனை வருடம் ஏன் பேசவில்லை என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் ஆரம்பிப்பார். அதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. சட்டம் வருவதற்கு முன் நடந்ததையும் கணக்கில் எடுக்கலாம் என்றது 2012 பனோட் வழக்கு. மனு போடும்போது சேர்ந்து வசிக்க வேண்டியதில்லை என்றது 2022 பிரபா தியாகி வழக்கு. அதே வருடம், தமிழ்நாட்டிலிருந்து போன காமாட்சி வழக்கில், இந்தச் சட்டத்தில் நிவாரணம் கேட்டுப் போடும் 12ஆம் பிரிவு மனுவுக்கு ஓராண்டுக் கெடு கிடையாது என்றார்கள். மூன்றுமே புகுந்த வீட்டுச் சண்டைகள். அவற்றைச் சித்தப்பாவுக்கும் பொருத்திக் காட்டுவது உங்கள் வக்கீலின் சாமர்த்தியம். நிச்சயம் ஜெயிக்கும் என்று யாராவது சொன்னால் ஃபைலைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்பதெல்லாம் இந்த ஒரே மனுவில் வரும். அவர் உங்களைத் தொடர்புகொள்ளத் தடை 18ஆம் பிரிவு, சிகிச்சைச் செலவு 20, மன உளைச்சலுக்கு இழப்பீடு 22. தடையை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. நீங்கள் இப்போது வசிக்கும் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே போடலாம், சொந்த ஊருக்கு அலைய வேண்டாம். மூடிய அறையில் விசாரிக்கவும் கேட்கலாம். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதை நம்பி இருக்காதீர்கள்.

ஒரே வீட்டில் இருந்ததை நிரூபிக்க வேண்டுமே? தாத்தா பெயரில் இருந்த பழைய ரேஷன் கார்டு பரணில் கிடக்கிறதா பாருங்கள். உங்கள் பெயரும் அவர் பெயரும் ஒரே பக்கத்தில் இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். டாக்டரின் குறிப்புகள், பில்கள், முதன்முதலில் யாரிடம் சொன்னீர்களோ அவருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், மனு எழுத உதவுவார். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு, 15100க்குப் போன் செய்யலாம்.

ஆண்கள் இந்தச் சட்டத்தில் மனு போட முடியாது. ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ செய்திருந்தாலும் இது பொருந்தாது. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மிஞ்சுவது போலீஸ் புகார்தான். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம், 2012 நவம்பருக்குப் பிறகு நடந்தவற்றுக்கு மட்டும். அதற்கு முந்தையது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம். அதில் பாலியல் வல்லுறவுக்குக் காலக்கெடு இல்லை.

அப்புறம், சொந்தக்காரர்களிடம் சொன்னால் மானநஷ்ட நோட்டீஸ் வரலாம். பத்திரிகையாளர் பிரியா ரமணியை இப்படியொரு மானநஷ்ட வழக்கிலிருந்து 2021இல் விடுவித்தபோது, பல ஆண்டுகள் கழித்தும் பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது டெல்லி கோர்ட். ஆனாலும் நோட்டீஸ் வந்தால் நீங்களாகப் பதில் எழுத வேண்டாம். கவரோடு அப்படியே வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.